ரவுண்டானாவ திருப்பிப் போட்ட கதை: 12 போக்குல 2 மட்டும் சரியா இருந்த ஒரு மேப்

எங்க சித்தி பையன் டெலிவரி வேலைல இருக்கான், ஒரு நாள் மத்தியானம் போன் பண்ணி "அண்ணா, உங்க மேப் மறுபடியும் என்னைய சந்தைக்குள்ள கொண்டு போயி விட்ருச்சுங்ணா"ன்னான். நான் நாலு வருசமா ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல (சுருக்கமா ஓஎஸ்எம், யாரு வேணா எடிட் பண்ணக்கூடிய மேப்) எடிட் பண்றதால வீட்ல எல்லாருக்கும் அது "உங்க மேப்", அதுல என்ன தப்பு வந்தாலும் என் தலையிலதான் விடியும். அவன் யூஸ் பண்றது ஓஎஸ்எம் டேட்டால ஓடற ஒரு ஆஃப்லைன் ஆப், டவர் இல்லாத இடத்துலயும் வழி சொல்லும்னு நானேதான் போட்டுக் குடுத்தேன், அதனால வாயத் திறக்க முடியல.

இடம் எப்படின்னு மொதல்ல சொல்லிடறேன், இது மனசுல நின்னாத்தான் மீதி புரியும். மெயின் ரோடு மேற்க இருந்து கிழக்க போகுது, நடுவுல மீடியன் இருக்கு, அதனால மேப்ல அது ரெண்டு தனித்தனி ஒன்வே கோடு. வடக்க ஸ்டேஷன் ரோடு, தெக்க சந்தை ரோடு, இது ரெண்டும் மீடியன் இல்லாத சாதா ரோடு, மேப்ல ஒத்தக் கோடு. நாலும் சேர்ற எடத்துல முன்னாடி சிக்னல் இருந்துச்சு. கோயம்புத்தூர்ல 2023 வாக்குல லாலி ரோடு மாதிரி ஜங்ஷன்ல எல்லாம் சிக்னல எடுத்துட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் வச்சாங்கல்ல, அதே பாணில இங்கயும் ஒரு ரவுண்டானா வந்துச்சு. வந்த கொஞ்ச நாள்லயே யாரோ ஒருத்தர் சேட்டிலைட் படத்தப் பாத்து மேப்ல வட்டத்தப் போட்டுட்டாங்க. அழகான வட்டம், குறை சொல்ல முடியாது.

சித்தி பையன் மேற்க இருந்து கிழக்க நேரா போகணும். ஆப் "ரவுண்டானாவில் மூன்றாவது வெளியேற்றம்"னு சொல்லுது. நெசத்துல அவன் வட்டத்துல ஏறி எண்ணுனா ஸ்டேஷன் ரோடு ஒண்ணு, கிழக்க போற மெயின் ரோடு ரெண்டு, சந்தை ரோடு மூணு. மூணாவதுல போனா தக்காளிக் கூடைக்கு நடுவுலதான் போயி நிக்கணும், நின்னான். ஸ்க்ரீன்ல நீலக்கோடு நேராத்தான் காட்டுச்சாம், ஆனா ஹெல்மெட்டுக்குள்ள இயர்போன் மாட்டி ஓட்டறவன் ஸ்க்ரீனப் பாக்க மாட்டான், காதுல விழுந்ததத்தான் நம்புவான்.

சரி வேற யாருக்காச்சும் இப்படி ஆகுதான்னு ஸ்டேஷன் ரோடு ஆட்டோ ஸ்டாண்டுல அதே ஆப் வச்சிருக்கற ஒரு அண்ணங்கிட்ட கேட்டேன். "எனக்கெல்லாம் கரெக்டாத்தான் சொல்லுது தம்பி, சந்தைக்கு ரெண்டாவதுன்னு சொல்லும், ரெண்டாவதுலதான் போறேன், தெனமும் பத்து நடை"ன்னாரு. இங்கதான் நான் மொதல்ல கொழம்புனேன். ஒரே வட்டம், ஒரே ஆப், ஒருத்தனுக்கு தப்பு, இன்னொருத்தருக்கு சரி. பையன் எண்ணத் தெரியாம எண்ணிருப்பான்னு கூட ஒரு நிமிசம் நெனச்சேன், அது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

ராத்திரி உக்காந்து டேட்டாவப் பாத்தேன். ஓஎஸ்எம்ல ரோடுங்கறது வரிசையா கோத்த புள்ளிங்க, நோடுன்னு சொல்லுவாங்க, அந்த நோடுங்க சேர்ந்த கோடு பேரு வே. எந்த நோடுல ஆரம்பிச்சு எந்த நோடுல முடியுதோ அதுதான் அந்தக் கோட்டோட திசை. சாதா ரோட்டுக்கு இந்தத் திசைக்கு மதிப்பே கிடையாது, எந்தப் பக்கம் வரைஞ்சாலும் ஒண்ணுதான். ஆனா ஜங்ஷன்=ரவுண்டபவுட்னு டேக் (இது என்ன கோடுன்னு சொல்ற குறிப்பு) போட்ட அடுத்த நொடி, ஒன்வேன்னு தனியா எழுதலன்னாலும் அது ஒன்வேதான்னு எல்லா ரவுட்டரும், அதாவது வழி கணக்குப் போடற ப்ரோக்ராமும், எடுத்துக்கும், வரைஞ்ச திசைதான் வண்டி போற திசை. நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டறோம், அதனால வட்டத்த கோயில் பிரகாரம் மாதிரி வலமாத்தான் சுத்தணும், நடுவுல இருக்கற திட்டு எப்பவும் நம்ம வலது கைப்பக்கம். இந்த வட்டம் எதிர்ப்பக்கமா வரைஞ்சிருந்துச்சு, சுத்தமான அப்பிரதட்சணம். வலது பக்கம் ஓட்டற நாட்டுல உக்காந்து வரைஞ்ச ஆளோ, இல்ல எந்தப் பக்கம் க்ளிக் பண்றோம்னு கவனிக்காத நம்மாளோ, யாரா இருந்தாலும் படத்துல வித்தியாசமே தெரியாது. வட்டம் வட்டமாத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு பேப்பர எடுத்து எல்லாப் போக்கையும் எழுதிப் பாத்தேன். ஒரு ரோட்டுல வந்து இன்னொரு ரோட்டுல போறது ஒரு போக்குன்னு வச்சுக்குங்க, நாலு ரோட்டுக்கு யூ-டர்ன விட்டுட்டா 12 போக்கு. வட்டம் தலைகீழா இருக்கறப்ப மேற்க இருந்து ஏறுனா ரவுட்டர் கண்ணுக்கு மொதல்ல வர்றது மேற்க திரும்பிப் போற லேனே, மீடியன் இருக்கறதால அது தனிக் கோடு, அதையும் ஒரு எக்ஸிட்டா எண்ணிடுது. அது ஒண்ணு, சந்தை ரோடு ரெண்டு, கிழக்கு மூணு, ஸ்டேஷன் ரோடு நாலு. ஆக, நேரா போறவனுக்கு ரெண்டுக்குப் பதிலா மூணு. கிழக்க இருந்து வர்றவனுக்கும் இதே கதி, அவனுக்கும் மேற்கு மூணுன்னு சொல்லும். ஆனா வடக்க இருந்து தெக்க போறப்ப என்ன ஆகுது பாருங்க, வலமா சுத்துனா கிழக்கு ஒண்ணு, சந்தை ரெண்டு, எடமா சுத்துனா மேற்கு ஒண்ணு, சந்தை ரெண்டு. எந்தப் பக்கம் சுத்துனாலும் ரெண்டு! தெக்க இருந்து வடக்க போனாலும் அப்படியே. பன்னெண்டுல சரியா இருந்தது இந்த ரெண்டே ரெண்டு போக்குதான், ஆட்டோ அண்ணன் தெனமும் பத்து நடை அடிக்கறது அதுல ஒண்ணு. ரெண்டு பேரும் பொய் சொல்லல, நான் தான் ஒரு ஆள் கிட்ட மட்டும் கேட்டு முடிவு கட்டப் பாத்தேன்.

ரவுண்டானா தப்புல இது ஒரு வினோதமான குணம். சாதா ரோடு விட்டுப் போயிருந்தா மேப்பப் பாத்தாலே தெரியும், ஒன்வே தப்பா இருந்தா ரவுட்டர் ஊரச் சுத்தி அனுப்பும், யாராச்சும் திட்டிக்கிட்டே ரிப்போர்ட் பண்ணுவாங்க. ரவுண்டானா தலைகீழா இருந்தா வழி அடைபடாது, தூரம் கூட பெருசா மாறாது, நேரா போறதுக்கு எந்தப் பக்கம் சுத்துனாலும் பாதி வட்டம்தானே. வாயில வர்ற நம்பர் மட்டும் தப்பு. அதுலயும் சில ரவுட்டர் சின்ன வட்டமா இருந்தா எக்ஸிட் நம்பரே சொல்லாம "இடது பக்கம் திரும்பவும்"னு சொல்லிட்டுப் போயிடும், ஓஎஸ்ஆர்எம்ங்கற ரவுட்டர்ல இதுக்குன்னே தனி வகை இருக்கு. அப்ப தப்பு இருக்கறதே காதுக்கு எட்டாது.

இனி என் லீலை. சனிக்கெழம ராத்திரி 11 மணி, ப்ரவுசர்ல ஐடிங்கற (iD) மேப் எடிட்டரத் திறந்தேன், வட்டத்து மேல க்ளிக், வி பட்டன், திசை திரும்பிருச்சு, "ரவுண்டானா திசை சரி செய்யப்பட்டது"ன்னு கமெண்ட் எழுதி சேவ். கொஞ்ச நேரம் விட்டுட்டு எங்க வீட்ல இருந்து டவுனுக்கு வழி கேட்டேன், வீடு மேற்கு, டவுன் கிழக்கு, "இரண்டாவது வெளியேற்றம்"னு வந்துச்சு. ஆஹா. ரெண்டு நிமிசத்துல ஒரு ஊரு பிரச்சனைய தீத்துட்டோம்ங்கற பெருமைல தூங்கிட்டேன்.

மறுநாள் மத்தியானம் என் சேஞ்ச்செட் (ஒரு தடவ சேவ் பண்ண மாத்தங்களோட பதிவு) கீழ ஒரு கமெண்ட். இந்த ஏரியால வர்ற எடிட் எல்லாம் பாத்துட்டே இருக்கற ஒருத்தர், மரியாதையாத்தான் எழுதியிருந்தாரு: வட்டம் ரெண்டு துண்டா இருக்கு, நீங்க ஒரு துண்டத்தான் திருப்பியிருக்கீங்க, கிழக்க இருந்து மேற்க வழி கேட்டுப் பாருங்க. கேட்டுப் பாத்தேன். நாலு கிலோமீட்டர் சுத்திட்டு வரச் சொல்லுச்சு.

நடந்தது இதுதான். இந்த வட்டம் வழியா ஒரு டவுன் பஸ் ரூட்ட யாரோ ரிலேஷனா, அதாவது பல துண்டுகள ஒண்ணா சேத்த பட்டியலா, போட்டிருக்காங்க. பஸ் மேற்க இருந்து கிழக்க போறப்ப வட்டத்துல பாதிலதான் போகும்னு, வட்டத்த கிழக்கயும் மேற்கயும் மீடியனுக்கு நேரா, வர்ற லேனுக்கும் போற லேனுக்கும் நடுவுல வெட்டி வடக்குப் பாதி, தெக்குப் பாதின்னு ரெண்டாக்கிட்டாங்க. அது தப்பே இல்ல, நெறைய பேரு பண்றதுதான், ஆனா ஸ்க்ரீன்ல வெட்டு தெரியாது, ஒரே வட்டமாத்தான் தெரியும். நான் க்ளிக் பண்ணது வடக்குப் பாதி. அது இப்ப சரியா மேற்க இருந்து வடக்க சுத்தி கிழக்க போகுது. தெக்குப் பாதி பழைய மாதிரியே மேற்க இருந்து தெக்க சுத்தி அதுவும் கிழக்கயே போகுது. ரெண்டு பாதியும் கிழக்கு வெட்டுல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. மேற்கு வெட்டுல இருந்து ரெண்டும் கெளம்புது, அங்க வந்து சேர்றதுக்கு ஒரு வழியும் கிடையாது.

பேப்பர மறுபடியும் எடுத்தேன். மேற்க இருந்து வடக்க போலாம், மேற்க இருந்து கிழக்க போலாம், வடக்க இருந்து கிழக்க போலாம், அவ்ளோதான். சந்தை ரோடு மேப்ல இருந்தே துண்டாயிருச்சு, அங்க இருந்து ஏறுனா முட்டுச்சந்து, அங்க போகவும் வழி இல்ல. 12ல 3. நான் கை வைக்கறதுக்கு முன்னாடி பன்னெண்டு போக்குலயும் போக முடிஞ்சுது, நம்பர் மட்டும்தான் பத்துல தப்பு. நான் "சரி" பண்ணதுக்கு அப்புறம் ஒம்பது போக்கே காணோம். நான் டெஸ்ட் பண்ண அந்த ஒரு வழி, மிச்சமிருந்த மூணுல ஒண்ணு. இத துரதிர்ஷ்டம்னு சொல்றதா அதிர்ஷ்டம்னு சொல்றதான்னு தெரியல.

யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லாமப் போனதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு, ஆஃப்லைன் ஆப்புங்க டேட்டாவ உடனே எடுக்காது. ஓஎஸ்எம் சர்வர் மாத்தங்கள நிமிசத்துக்கு ஒரு தடவ வெளிய விடுது, வெப்சைட்ல வழி காட்டற ரவுட்டர் சீக்கிரமே எடுத்துக்கும், ஆனா போன்ல எறக்கி வச்சிருக்கற மேப் மாசத்துக்கு ஒண்ணுன்னு வர்ற ஆப்பு நெறைய. நான் கெடுத்து வச்சிருந்த ஒரு நாளுக்கு மேலான நேரம் அந்த இடுக்குல விழுந்துருச்சு. இந்தத் தாமதத்தத்தான் நான் எப்பவும் திட்டுவேன்.

ரெண்டாவது தடவ ஜேஓஎஸ்எம்ல பண்ணேன், டெஸ்க்டாப்ல ஓடற எடிட்டர், பாக்க 2005 மாதிரி இருக்கும் ஆனா இந்த மாதிரி வேலைக்கு அதுதான். தெக்குப் பாதிய செலக்ட் பண்ணி ஆர் கீ, திரும்பிருச்சு, ரெண்டு பாதியோட அம்புக்குறியும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வலமா ஓடுது. ரெண்டு துண்டுலயும் ஜங்ஷன் டேக் இருக்கான்னு பாத்துக்கிட்டேன், ஒரு துண்டுல மட்டும் இல்லாமப் போனா ரவுட்டர் பாதி வட்டத்துல "ரவுண்டானாவை விட்டு வெளியேறவும்"னு சொல்லும், வெளிய எங்க வர்றது, நடுரோட்லயா. ரெண்டு துண்டையும் ஒட்டி ஒரே வட்டமா ஆக்கலாமான்னு கை அரிச்சுது. ஒட்டுனா பஸ் ரூட்டுக்கு முழு வட்டமும் போயிடும், சில ஆப் அத சரியா புரிஞ்சுக்கும் சிலது புரிஞ்சுக்காது, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். அப்புறம் அந்த பஸ் ரிலேஷன்ல துண்டுங்க வரிசை மாறிப் போயிருக்கான்னும் பாத்தேன். கிழக்க போற பஸ் இத்தன நாளா தெக்குப் பாதில போற மாதிரி இருந்துச்சு, திசை தப்பா இருந்தப்ப அதுதான் "சரி"யா தெரிஞ்சிருக்கும். பாவம், அந்தப் பஸ் ரூட் போட்ட ஆளு கவனமாத்தான் வேலை செஞ்சிருக்காரு, தப்பான வட்டத்துக்கு ஏத்த மாதிரி கவனமா. அதையும் வடக்குப் பாதிக்கு மாத்துனேன்.

சேவ் பண்றதுக்கு முன்னாடி இந்தத் தடவ நேர்ல போயிப் பாக்கணும்னு முடிவு பண்ணேன். காலைல அஞ்சரைக்கு ஸ்கூட்டர எடுத்துட்டு, போற வழியப் பதிவு பண்ற ஜிபிஎஸ் ட்ரேஸ் ஓட விட்டு, வட்டத்த ரெண்டு சுத்து சுத்தி, ஒவ்வொரு ரோட்லயும் எறங்கித் திரும்பி ஏறுனேன். நாலாவது தடவ போறப்ப டீக்கடை மாஸ்டர் ஒரு மாதிரி பாத்தாரு. ஜிபிஎஸ் ட்ரேஸ் பத்தி ஒண்ணு சொல்லணும், மத்தவங்க அப்லோட் பண்ண ட்ரேஸ வச்சு திசையக் கண்டுபிடிக்கலாம்னு வெளிநாட்டு மேப்பர்ங்க சொல்லுவாங்க, நம்ம ஊர்ல டூவீலர் ட்ரேஸ மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. சந்தை ரோட்ல இருந்து கிழக்க போறவன் முக்கால் வட்டம் சுத்த சோம்பேறிப்பட்டு ராங் சைடுல நாலடி போயி ஏறிருவான், நான் அங்க நின்ன அரைமணி நேரத்துலயே ஏழெட்டு பேரு. ட்ரேஸ மட்டும் பாத்தா வட்டம் ரெண்டு பக்கமும் ஓடும்.

நேர்ல போனதுல தான் இன்னும் ரெண்டு விசயம் சிக்குச்சு. சிக்னல் கம்பத்த எடுத்து மாசக்கணக்காச்சு, ஆனா மேப்ல மெயின் ரோட்ல ரெண்டு பக்கமும் சிக்னல் நோடு இன்னும் இருந்துச்சு. ஓஎஸ்ஆர்எம் கார் ப்ரொஃபைல் ஒரு சிக்னலுக்கு ரெண்டு செகண்ட்னு கணக்குல சேக்கும், பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா சில ஆப் ஸ்க்ரீன்ல சிக்னல் படத்தையும் காட்டும், இல்லாத சிக்னல எதிர்பாத்து ஒருத்தன் ஸ்லோ பண்ணுவான். எடுத்தாச்சு. அடுத்தது, சிக்னல் காலத்துல போட்ட "வலது திரும்பக் கூடாது" தடை ஒண்ணு. தடைங்கறது எந்த ரோட்ல இருந்து, எந்தப் புள்ளி வழியா, எந்த ரோட்டுக்குன்னு மூணு உறுப்பு சேர்ந்த ரிலேஷன், ரவுண்டானா போட்டவரு நடுப்புள்ளிய அழிச்சதுல இதுக்கு நடு உறுப்பே இல்லாமப் போயி ஆவி மாதிரி அலைஞ்சுது. அதையும் அழிச்சேன். வட்டத்துக்கு மெயின் ரோடு பேரே இருந்ததையும் எடுத்தேன், வட்டத்துக்குன்னு தனிப் பேரு இருந்தா மட்டும்தான் பேரு போடணும், இதுக்கு இன்னும் யாரும் பேரு வைக்கல, எலக்சன் வந்தா வைப்பாங்க.

இந்த மாதிரி எதிர்ப்பக்க வட்டத்த எல்லாம் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி மொத்தமா திருப்பிட்டா என்னன்னு எனக்கும் தோணுச்சு. ஆஸ்மோஸ் மாதிரி தரம் பாக்கற டூல்ங்க எந்த நாட்ல எந்தப் பக்கம் ஓட்டறாங்கன்னு பாத்து சந்தேகப்படற வட்டத்த லிஸ்ட் போட்டுக் குடுக்குது. ஆனா லிஸ்ட் குடுக்கறது வேற, கண்ண மூடிட்டுத் திருப்பறது வேற. இங்கிலாந்துல ஸ்விண்டன்ல 1972ல இருந்து ஒரு மேஜிக் ரவுண்டானா இருக்கு, அஞ்சு குட்டி ரவுண்டானா சேர்ந்து நடுவுல ஒண்ண சுத்தி நிக்கும், அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டறாங்க, ஆனா நடு வட்டத்துல வண்டி நெசமாவே எதிர்ப்பக்கமாத்தான் போகும். நவகிரகத்துல ராகு கேதுக்கு மட்டும் எடமா சுத்தறவங்க இருக்காங்கல்ல, அந்த மாதிரி. ஸ்க்ரிப்ட் ஓட்டுனா ஸ்விண்டன்காரன் சண்டைக்கு வந்துருவான். அதே மாதிரி பாரிஸ்ல ஆர்க் டி ட்ரையம்ஃப சுத்தி 12 ரோடு வந்து சேருது, ஆனா வட்டத்துல இருக்கறவன் நின்னு உள்ள வர்றவனுக்கு வழி விடணும், நம்ம நெனக்கற ரவுண்டானா விதிக்கு நேர் எதிர். வட்டத்துல இருக்கறவனுக்கு முன்னுரிமை இல்லாத இந்த மாதிரி வட்டத்துக்கு ஜங்ஷன்=சர்குலர்னு தனி டேக் இருக்கு. அத மட்டும் போட்டு விட்டா சில ரவுட்டர் அத ஒன்வேன்னு தானா எடுத்துக்காது, ஒன்வே டேக்க கையால சேக்கணும். அதுவும் தவிர பஸ் ரூட்டு பாதிய மாத்துனேன்ல, அத எந்த ஸ்க்ரிப்ட் யோசிக்கும்.

சேவ் பண்ணதுக்கு அப்புறம் 12 போக்கையும் ஒவ்வொண்ணா கேட்டேன், ரெண்டு வேற வேற ரவுட்டர்ல, ஆக 24. பேப்பர்ல டிக் அடிச்சு அடிச்சு வந்தப்ப பத்தாவதுல தூக்கம் வந்துச்சு ஆனா விடல. மேற்க இருந்து ஸ்டேஷன் ரோடு ஒண்ணு, கிழக்கு ரெண்டு, சந்தை மூணு. கிழக்க இருந்து சந்தை ஒண்ணு, மேற்கு ரெண்டு, ஸ்டேஷன் மூணு. எல்லாம் சரி. கமெண்ட் போட்டவருக்கு நன்றி சொல்லி என்ன பண்ணேன்னு விவரமா எழுதுனேன், மொத சேஞ்ச்செட்லயும் "இது தப்பு, பாதிதான் திரும்புச்சு, அடுத்ததப் பாக்கவும்"னு நானே ஒரு வரி போட்டு வச்சேன், நாளைக்கு யாராச்சும் வரலாறு தேடுனா கொழம்பக் கூடாதுல்ல.

ஆப்ல புது மேப் வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் சித்தி பையன்கிட்ட "மூணுன்னு சொன்னா ரெண்டுன்னு எடுத்துக்கோ"ன்னு சொல்லி வச்சிருந்தேன், அப்டேட் ஆன அன்னிக்கு அவன் பழக்கதோசத்துல ரெண்டுன்னு சொன்னத ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் ரோட்டுக்குள்ள போயிட்டான். போன் வந்துச்சு. நான் எடுக்கல.

சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் போனப்ப அந்த அண்ணனப் பாத்து, "ரவுண்டானாவ சரி பண்ணிட்டேன்ணா, மேப்ப அப்டேட் பண்ணுனீங்களா"ன்னு கேட்டேன். "பண்ணிட்டேன் தம்பி. நேத்தும் ரெண்டாவதுன்னுதான் சொல்லுச்சு, இன்னிக்கும் ரெண்டாவதுன்னுதான் சொல்லுது, நீ அப்படி என்னத்த மாத்துன?"ன்னாரு.